கையா? கவையா?

சென்ற வாரம் கடப்பாக்கம் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரியும் கவர்வழி இருக்கிறதே, அதனருகே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே கண்டேன் அந்தத் தோழரை. சவுக்கு வெட்டிக் காய்த்துப்போன கை. கூலி உயர்வு கேட்டுப் பேசப் போனால் எதிரே நிற்பவர் திணறுவார், அப்படிப்பட்ட வாய். மாலை நான்கு மணிக்கு, அள்ளி அள்ளி உண்டுகொண்டிருந்தார்!

"என்ன அண்ணே, இந்த நேரத்திலே சாப்பாடு?"

"விருந்துக்குப் போய்விட்டு வருகிறேன் தம்பி! அதனால்தான் பசி."

கேட்டேன் விவரம். கடலோர விடுதி ஒன்றிலே விருந்து. வெள்ளைத் தட்டு, இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி, நடுவே வறுத்த சங்கரா மீன். சுற்றி இருந்தவர்கள் குத்துகிறார்கள், கிழிக்கிறார்கள். இவர் கையை நீட்டினார். பரிமாற வந்த பையன் காதோரம் குனிந்து, "கை வைக்காதீங்க ஐயா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றானாம். நீட்டிய கை மடிக்குத் திரும்பிற்று. தண்ணீர் குடித்தார், எழுந்தார், வந்துவிட்டார். மீனிலே முள், கரண்டியிலே முள், தைத்ததோ நெஞ்சிலே!

கடப்பாக்கத்துச் சங்கதி மட்டுமல்ல இது. 2025 ஜூன் மாதம், நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நின்ற சோரான் மம்தானி கையால் சோறு உண்டதைப் படத்திலே பார்த்தார், பிராண்டன் கில் என்ற டெக்சாஸ் நாடாளுமன்ற உறுப்பினர். துடித்தார்! நாகரிகமானவர்கள் அமெரிக்காவிலே இப்படி உண்பதில்லை என்று எழுதினார். நவம்பரிலே மம்தானிக்குத்தான் வாக்களித்தது நியூயார்க். (சோற்றுக்காக அல்ல, வீட்டு வாடகையை உயர்த்தவிடமாட்டேன் என்றாரே, அதற்காக. அது வேறு கதை.)

நாகரிகமாம் நாகரிகம்! எத்தனை நாளைய நாகரிகம்? பதினோராம் நூற்றாண்டிலே, பைசாந்தியத்திலிருந்து வெனிசுக்கு மணமாகி வந்த சீமாட்டி ஒருத்தி பொன்னால் செய்த கவையால் உண்டாள். அடாத ஆடம்பரம் என்று அவளைக் கண்டித்து எழுதினார் பீட்டர் டேமியன் என்ற துறவி. இங்கிலாந்தோ, ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்திலும் விரலால்தான் உண்டது. தாமஸ் கோரியட் என்ற ஊர்சுற்றி இத்தாலியிலே கவையைக் கண்டு, 1611இல் வெளிவந்த தன் நூலிலே அதிசயமாக எழுதினான். தானும் கவை பிடித்தான்; நண்பர்கள் கேலிப் பெயர் வைத்தார்கள்! அதே கோரியட் பிறகு கால்நடையாகவே இந்தியா வந்து, ஜஹாங்கீர் முன்னே பாரசீகத்தில் பேசி, 1617இல் சூரத்திலே மாண்டான்.

இத்தாலியர் ஏன் கவை பிடித்தனர்? அதையும் எழுதி வைத்தான் அவன்: எல்லோர் விரலும் ஒன்றுபோல் சுத்தமாக இருப்பதில்லையாம். நடுவிலே ஒரே இறைச்சித் தட்டு, சுற்றிலும் பல கைகள். அந்த ஏற்பாட்டுக்கு அது பொருந்தும். நமக்கோ ஆளுக்கோர் இலை, பரிமாற அகப்பை. என் விரல் என் சோற்றைத்தானே தொடுகிறது! தொட்டால் யாருக்கு என்ன நட்டம்?

கவையின்மேல் எனக்குப் பகையில்லை. நமக்கு அது புதிதுமல்ல. வேலிமுள்ளைத் தள்ளுவது கவைக்கோல். குடிசையின் விட்டத்தைத் தாங்குவது கவைக்கால். பயனற்ற பேச்சை, 'கவைக்குதவாத பேச்சு' என்கிறோம். கவைக்குக்கூட ஆகாத மரம் வேறு எதற்கு ஆகும்? முல்லைப்பாட்டைப் புரட்டுங்கள். பாசறையிலே யானை கரும்பைத் தின்ன மறுத்து, அதனால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. பாகர்கள் என்ன செய்கிறார்கள்? கவைமுள்ளால் குத்தி, வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கவளத்தை உண்ண வைக்கிறார்கள்! வேண்டாம் என்கிற வாயிலே, குத்தி, வடமொழியிலே! தோழர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சிரிக்கலாம். ஆனால் கோரியட் சொன்ன காரணத்தை மறுபடி படியுங்கள். எல்லோர் விரலும் சுத்தமில்லை! நம் நாட்டிலே இதைச் சொன்னவர் யார் யார்? சேரன்மாதேவி குருகுலத்திலே, நாட்டுத் தொண்டு பயில வந்த பிள்ளைகளுக்குள்ளேயே பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி என்றார்கள். 1925 வாக்கில் நாடே கொதித்தது, பெரியார் போர்க்கொடி தூக்கினார். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலே பார்ப்பனருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம். 1941 வரை நின்றது அந்தத் தடுப்பு. இரும்பால் செய்யப்படாத கவைகள் இவை. பந்தியைப் பிளந்தவை.

கை கழுவிக்கொண்டே தோழர் சொன்னார்: "சின்ன வயசிலே டீக்கடையிலே எனக்குக் கொட்டாங்குச்சி, தம்பி. 'குவளையைத் தொடாதே' என்றான். இன்றைக்குச் சோற்றைத் தொடாதே என்கிறான். தொடாதே மட்டும் போகவே இல்லை!"

என்னால் பதில் பேச முடியவில்லை. கொட்டாங்குச்சியை நீட்டியவன் டெக்சாசிலிருந்து வந்தவனல்லவே! கையால் உண்பவன், தமிழ் பேசுபவன், நம் கூட்டத்துக்கு வந்து கைதட்டியவனாகவும் இருக்கலாம்.

விடுதிக்காரர்களுக்குச் சொல்வேன்: கவையும் வையுங்கள், கை கழுவத் தண்ணீரும் வையுங்கள், எதை எடுப்பது என்பது உண்பவன் விருப்பம். நூடுல்ஸ் வந்தால் நானே முள்கரண்டியைத்தான் எடுக்கிறேன். பரிமாறுகிற பையனுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். பாவம், அவன் வீட்டிலே அவனும் கையால்தான் உண்பான்.

தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நாளை மாலை உங்கள் ஊர் டீக்கடைக்குப் போங்கள். குவளை எத்தனை விதம், எது யாருக்கு, யார் பெஞ்சிலே உட்காருகிறார், யார் நின்றபடி குடிக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். முள்கரண்டியைப் பற்றிய கூட்டத்துக்கு அதற்குப் பிறகு நாள் குறிப்போம்.