தொட மறுப்பது வேறு, தீண்டாமை வேறு

2024 பிப்ரவரி 14 அன்று இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட அமைப்பு அது. இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்றது அந்த அறிவிப்பு. நம்மில் பலரும் அதைப் பகிர்ந்தோம், பெருமைப்பட்டோம். பிறகு மறந்துபோனோம்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் மரியான் டேனிகா என்ற டென்மார்க் கொடிக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. மே மாதம் ஸ்பெயினின் கார்த்தகேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. கப்பலில் இருந்தது சுமார் 27 டன் வெடிபொருள், அது போய்ச்சேர வேண்டிய இடம் இஸ்ரேலின் ஹைஃபா. நம் கரையிலிருந்து போன சரக்கைப் பற்றி நமக்கே ஸ்பெயினிலிருந்துதான் செய்தி வந்தது.

ஒரு நாட்டின் அரசியலுக்காக அந்த நாட்டுச் சரக்கைத் துறைமுகத் தொழிலாளியும் மாலுமியும் புறக்கணிக்கலாமா என்ற கேள்வியை இந்த இரண்டு மாத இடைவெளியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அறிவிப்பு வந்தது, சரக்கும் போனது. இடையில் என்ன நடந்தது?

என் தாத்தா ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்துபோய் மூட்டை தூக்கியவர். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று முதுகுக்கே தெரியும் என்பார். அரிசியின் கனம் வேறு, சிமெண்டின் கனம் வேறு. இன்று கிரேன் ஓட்டுகிறவருக்குத் தெரிவது பெட்டியின் எண் மட்டும்தான். வெடிபொருள் என்றால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். வெடிக்கும் என்று அது சொல்லும், யார் தலையில் வெடிக்கும் என்று சொல்லாது. தனக்குத் தெரியாத சரக்கை ஒருவர் எப்படி மறுப்பார்?

இன்னொன்றும் உண்டு. அந்த அறிவிப்பு பெரிய துறைமுகங்களின் சங்கத் தொழிலாளர்களுடையது. எண்ணூர்ப் பக்கம் போனால் காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம். அதை நடத்தும் அதானி குழுமம்தான் 2023 ஜனவரியில் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்தோடு சேர்ந்து ஹைஃபா துறைமுகத்தையும் வாங்கியது. நம் ஊர்க் கரையும் ஹைஃபா கரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு மேஸ்திரி சொன்னால் முடிந்தது. எந்த மனசாட்சிக்கும் அங்கே ஹாஜர் கிடையாது.

இனி நமக்குள் இருக்கும் சங்கடத்துக்கு வருவோம். சாதி ஒழிப்பு பேசுகிற நமக்குப் 'புறக்கணிப்பு' என்ற சொல் இனிமையானது அல்ல. ஊர்விலக்கம் என்றால் என்னவென்று சேரிக்குத் தெரியும். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. அம்பேத்கர் இதை ஒடுக்கப்பட்டோர் மீது ஏவப்படும் மிகக் கொடிய ஆயுதங்களில் ஒன்றாகப் பார்த்தார். வட்டமேசை மாநாட்டில் வைத்த கோரிக்கைகளிலேயே சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம் அதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. அப்படியிருக்க, நாமே புறக்கணிப்பைக் கையில் எடுக்கலாமா?

எடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல. ஊர்விலக்கம் மேலிருப்பவர் கீழிருப்பவரின் சோற்றை மறிப்பது. வேலை மறுப்பு கீழிருப்பவர் தன் உழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வது. ஒன்று மனிதரைத் தொட மறுக்கிறது. மற்றது பாவப்பட்ட பொருளைத் தொட மறுக்கிறது.

இந்த இரண்டாவது வகைக்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் புலையர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்கமாட்டோம் என்று அய்யன்காளி தலைமையில் விவசாயக் கூலிகள் நின்றார்கள். 2016-இல் உனா கொடுமைக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். இந்த வேலை உங்களுக்குப் புனிதம் என்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். 'நான் செய்யமாட்டேன்' என்று சொல்ல முடியாதவரைத்தான் சாதி அடிமை என்று வைத்திருந்தது. அந்தச் சொல்லைச் சொன்ன நாளில் விடுதலை தொடங்குகிறது.

கடலிலும் இது நடந்திருக்கிறது. 1945 இறுதியில் இந்தோனேசியாவை மறுபடியும் பிடிக்க டச்சு அரசு ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் கப்பல்களைத் தயார் செய்தது. இந்தோனேசிய மாலுமிகள் இறங்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கைத் தொடவில்லை. கப்பல்களை ஓட்ட ஆள் தேடியபோது, சிட்னியில் இந்திய மாலுமிகளும் மறுத்துவிட்டார்கள். வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. சொந்த நாடு அப்போதும் அடிமை நாடு. ஏழைக்கு அரசியல் கட்டுப்படியாகாது என்று சொல்கிறவர்கள் அவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? யோரிஸ் ஐவன்ஸ் எடுத்த 'இந்தோனேசியா காலிங்' என்ற ஆவணப்படத்தில் அந்த மறுப்பு பதிவாகியிருக்கிறது. தேடிப் பாருங்கள்.

ஆனால் இதை என் சித்தி மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். சரக்குக் கப்பலில் மாலுமி அவன். முதல் கப்பல் ஏறுவதற்குள் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்த வீடு. "சொல்றது ஈஸிக்கா. நடுக்கடல்ல நான் மாட்டேன்னு சொன்னா அடுத்த காண்ட்ராக்ட் வராது. அப்புறம் வட்டிய யாரு கட்டுவா, நீ கட்டுவியா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசுகளின் சண்டையில் முதலில் சிக்குவது கப்பல் ஊழியர்தான். 2024 ஏப்ரலில் ஈரான் எம்.எஸ்.சி. ஏரீஸ் கப்பலைப் பிடித்தபோது அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். அதற்கு முந்தைய மாதம் ஏடன் வளைகுடாவில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் தாக்கப்பட்டபோது 3 மாலுமிகள் இறந்தார்கள். முதலாளி எந்த நாடு, கொடி எந்த நாடு, சரக்கு யாருக்கு என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

இந்த ஆபத்தைச் சர்வதேச ஒப்பந்தங்கள் ஓரளவு ஒப்புக்கொள்கின்றன. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கூட்டுப்பேரத்தில் வரும் கப்பல்களில், போர்ப் பகுதி என அறிவிக்கப்பட்ட கடலுக்குள் வரமாட்டேன் என்று மாலுமி சொல்லலாம். கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் உண்டு. போராடிப் பெற்ற உரிமை இது. ஆனால் கவனியுங்கள்: நான் சாகமாட்டேன் என்று மறுக்க வழியிருக்கிறது. நான் கொல்ல உதவமாட்டேன் என்று மறுக்க வழியில்லை. தொழிலாளியின் பயத்தை ஏற்கிற ஒப்பந்தம் அவரது மனசாட்சியை ஏற்கவில்லை.

இதெல்லாம் அரசின் வேலை, தொழிலாளிக்கு என்ன வெளியுறவுக் கொள்கை என்று கேட்பார்கள். 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவு அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றது. சரி, அரசு முடிவெடுக்கட்டும். அந்த முடிவைத் தூக்கிக் கப்பலில் வைக்க என் கை வராது என்று சொல்லும் அதிகாரம் கைக்குச் சொந்தக்காரருக்கு உண்டா இல்லையா? மேலும், வெடிபொருள் எங்களுக்குத் தூரத்து அரசியல் அல்ல. மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடந்தது. 2020-இல் பெய்ரூட் வெடித்த பிறகுதான் அதை அகற்ற அவசரப்பட்டார்கள். ஐந்து வருடம் அதன் பக்கத்தில் தூங்கியவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே புறக்கணிக்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள், இரண்டுமே நம் சொந்த வரலாற்றிலிருந்து.

முதலாவது, சரக்கை மறுக்கலாம், மனிதரை மறுக்கக்கூடாது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2011 ஜூனில் தீர்மானம் போட்டது. அது ஓர் அரசுக்கு எதிரான நியாயமான கோரிக்கை. ஆனால் 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்ரீகர்களை விரட்டினோமே, அது என்ன? ஜெபமாலையோடு வந்தவர்களிடமா ராஜபக்சே கணக்கைத் தீர்ப்பது? நாளை ஓர் இஸ்ரேலிய மாலுமி நோயோடு சென்னையில் இறங்கினால் அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிற முதல் ஆள் நம் தோழராக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் செய்வதும் ஊர்விலக்கம்தான்.

இரண்டாவது, புளியந்தோப்பு. 1918-இல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்த அதே வடசென்னையில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள், அவர்களது குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. சேமிப்போ நிலமோ இல்லாத குடும்பம் எத்தனை நாள் பட்டினி தாங்கும், அந்தப் பட்டினியை யார் பகிர்ந்துகொள்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் வைக்காமல் ஒற்றுமை மட்டும் கேட்கப்பட்டது. மறுப்பின் செலவு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. கீழே இருப்பவர் மீதுதான் முதலில் விழும்.

எனவே மாலுமிகள் புறக்கணிக்க வேண்டும் என்று கைபேசியிலிருந்து உத்தரவிட எனக்கு உரிமை இல்லை. முடிவு தூக்குகிறவருடையது. ஆனால் அவர் அந்த முடிவை எடுக்கும்படியான நிலையை உருவாக்குவது நம் கடமை. ஏற்றும் சரக்கு என்ன, யாருக்கு என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் தனியார் துறைமுகத் தொழிலாளியும் சங்கத்துக்குள் வர வேண்டும். மனசாட்சியின் பேரில் ஆயுதச் சரக்கை மறுத்தவரை வேலையிலிருந்து தூக்க முடியாது என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். அதுவரை, மறுத்தவர் வீட்டு அடுப்பு எரிய ஒரு நிதி வேண்டும். அதில் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குகிற என் போன்றவர்களின் பணம் முதலில் விழ வேண்டும்.

வட்டியை யார் கட்டுவது என்று கேட்டான் தம்பி. நாம் கட்டுவோம் என்று சொல்லத் தயாரான பிறகு, சரக்கைத் தொடாதே என்று அவனிடம் கேட்போம்.