ஓடாத வண்டி

கொல்லிமலையில் கார் வைத்துக்கொள்வது லேசுப்பட்ட விஷயமில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறினால் போதாது; பத்திரமாக இறங்கவும் வேண்டும்!

நாமக்கல் புரோக்கர் ஒருத்தர் காட்டியது 2014 மாடல் கேம்ரி ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, கரண்ட் மோட்டாரும் உண்டு. மீட்டரில் 24,000 கிலோமீட்டர்தான். "டாக்டர் வண்டி சார். ஷெட்டை விட்டு வெளியவே எடுக்கலை!" என் ரிட்டயர்மென்ட் பணம் பாஸ்புக்குக்குள்ளேயே துள்ளியது.

கூட வந்த மெக்கானிக் தம்பி டயரைத் தடவினார். பக்கவாட்டில் '1914' என்று இருந்தது.

"என்னப்பா, முதல் உலகப் போர் டயரா?"

"இல்லீங்க சார், 2014-ல 19-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயலை. ஆனா ரப்பர் செத்துப்போச்சு."

அடுத்து பேட்டரி. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி அதை நிரப்புமாம். "நம்ம மலைக்குப் பாதியிலயே நிரம்பிடும் சார். அப்புறம் எஞ்சினும் பிரேக்கும்தான் கதி. இது நிக்கல் பேட்டரிங்க. ஓடினாலும் வயசாகும், நின்னாலும் வயசாகும். மாத்தறதுன்னா லட்சக்கணக்குல ஆகும்."

"பேட்டரியை டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொடுங்க. அதுக்கேத்த விலை பேசலாம்" என்றேன். புரோக்கருக்கு உடனே வேறு போன் வந்துவிட்டது!

வீட்டில் வந்து புலம்பினேன். "ஓடவே ஓடாத வண்டி எப்படி வீணாகும்?"

"ஏங்க, ரிட்டயராகி மூணு வருஷமா நீங்க ஈஸிசேரை விட்டு எந்திரிக்கவேயில்லை. முட்டி மட்டும் ஏன் தேஞ்சுது?"

மறுநாளிலிருந்து செம்மேடு வரை நடக்கிறேன். இந்த வண்டியையாவது ஓட்டி வைப்போமே!