பழைய போர்ஷே கார் வாங்கலாமா?

ஆடம்பரக் கார் பழசானால் விலை இறங்கும். ஆனால் பழுது பார்க்கும் செலவு இறங்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெரிய காரை வாங்குகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1996-ம் ஆண்டில் "பாக்ஸ்டர்" காரை வெளியிட்டது. மறு ஆண்டு புதிய "911" வந்தது. மற்ற 911 கார்களைவிட இந்த ரகம் நெடுநாளாகவே மலிவு. அதற்கு ஒரு காரணம், என்ஜினுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேரிங்!

என்ன கோளாறு?

கிராங்க் ஷாப்டின் சுழற்சியை, வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்டுகளுக்குக் கொண்டு செல்ல, நடுவே ஒரு தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது இந்தப் பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து மூடப்பட்டது. நாளடைவில் கிரீஸ் கரைந்து போகிறது. குண்டுகள் தேய்கின்றன. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும். செயின் பிசகும். வால்வும் பிஸ்டனும் மோதும். அத்துடன் என்ஜின் பாழ்!

எல்லாக் கார்களுக்கும் இந்தக் கதி இல்லை. ஆரம்பத்தில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன. சுமார் 2000 முதல் 2005 வரை ஒற்றை வரிசை. தொல்லை அதிகம் இதில்தான். அடுத்து 2008 வரை பெரிய பேரிங் வைத்தார்கள். அது அவ்வளவாக உடைவதில்லை. ஆனால் அதை மாற்ற என்ஜினையே பிரிக்க வேண்டும். 2009-ம் ஆண்டு மாடலில் அந்தத் தண்டே எடுக்கப்பட்டுவிட்டது.

கெடு முடிந்தது

அமெரிக்காவில் கார் சொந்தக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2013-ல் சமரசம் ஏற்பட்டது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்கு ஈடு தர ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து 10 ஆண்டு அல்லது 1 லட்சத்து 30 ஆயிரம் மைல் வரைதான் அது செல்லும். அந்தக் கெடு எப்போதோ முடிந்தது. இன்று வாங்குகிறவர் தம் பையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும்.

பரிகாரம் உண்டு

பழைய பேரிங்கை எடுத்துவிட்டு உறுதியான பேரிங் போடலாம். ஆனால் கியர் பாக்ஸை இறக்கினால்தான் கை வைக்க முடியும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்! கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றினால் ஒரே கூலியில் முடியும்.

வாங்கும் முன் ஆயில் பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். உலோகத் துகள் மின்னினால் ஆபத்து. இந்த என்ஜின்களில் சிலிண்டர் சுவர் கீறல் விடுவதும் உண்டு. சிறு காமிராவை உள்ளே விட்டு அதையும் பார்த்துவிடலாம்.

"குறைவாக ஓடிய கார்" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஷெட்டில் தூங்கிய காரைவிட, அடிக்கடி ஓடி, தவறாமல் ஆயில் மாற்றிய காரே மேல் என்பது மெக்கானிக்குகள் பலரின் அனுபவம்.

கணக்குப் போடுங்கள்

இவ்வளவு தொல்லை இருந்தால் வாங்கவே கூடாதா? அப்படி அல்ல. பெயர் தெரிந்த நோய்க்கு மருந்து உண்டு. எந்தெந்த ஆண்டுக் கார், எந்தப் பேரிங் என்பதெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "இந்த மாடலில் கோளாறே இல்லை" என்று சொல்லி, பழுது பார்த்த ரசீது ஒன்றுகூட இல்லாமல் தள்ளிவிடப்படும் காரே பயப்பட வேண்டியது.

பேரிங் மாற்றிய ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். விற்பவர் இணங்காவிட்டால், வேறு கார் பார்ப்பதே புத்திசாலித்தனம். கையிருப்பு முழுவதையும் காரின் விலையே விழுங்கிவிடுமானால், அந்தக் கார் மலிவே அல்ல. யானை வாங்கினால் மட்டும் போதுமா? தீனிக்கும் பணம் வேண்டுமே!