தலைவிதியா? தரகன் விதியா?

பர்மாவின் கீழ் எல்லையில், மோய் ஆற்றங்கரையில், ஷ்வே கொக்கோ, கே.கே. பார்க் என்று பெரிய கட்டடங்கள் எழும்பியதைச் சிலர் "அபிவிருத்தி" என்றார்கள். என்ன அபிவிருத்தி? கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிப் பல தேசத்து வாலிபர்களைக் கொண்டுபோய் அடைத்து, அடித்து, டெலிபோன் மூலம் ஊரார் பணத்தைப் பறிக்கச் செய்த அடிமைக் கொட்டடிகளே அவை. இவ்விதம் பர்மாவில் மாத்திரம் குறைந்தது 1,20,000 பேர் சிக்கியிருக்கக்கூடுமென்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023-ல் கூறிற்று. 2022-ல் மீண்டவர்களில் நம் தமிழ் வாலிபர்களும் உண்டு.

இதைத் தலைவிதி என்று அழுவதில் என்ன பயன்? 2021-ல் பட்டாளம் ஆட்சியைப் பறித்தபின் சட்டம் அடங்கிப்போய், கொள்ளை கொழுத்தது. எல்லையில் ஆயுதம் வைத்திருப்போர் மோசடிக்காரனுக்கு இடங்கொடுத்து வாடகை வாங்கினார்கள். அப்பணமே மறுபடியும் ஆயுதமாகிறது. சண்டை ஓய்ந்தால் வரும்படி போய்விடும் என்றிருப்பவர்கள் சமாதானத்தை விரும்புவார்களா?

2025 பிப்ரவரியில் தாய்லாந்து மின்சாரத்தை நிறுத்திற்று, ஆயிரக்கணக்கானோர் வெளிவந்தனர். ஆனால் விளக்கை அணைத்தால் திருடன் அடுத்த தெருவுக்குப் போவானேயொழியத் திருட்டை விடுவானா? பங்கு வாங்கும் கையையும், ஆள் பிடிக்கும் தரகனையும் பிடிக்கவேண்டும். வாலிபர்களே! சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவனை நம்பிப் புறப்படுமுன், "ஏன்?" என்று கேளுங்கள்.