காசு கொடுத்து மொட்டை டயர் வாங்குவானேன்?

மார்ச் க்ளோசிங் முடிஞ்சு, ஆடிட் முடிஞ்சு, அப்பாடான்னு உட்கார்ந்தா வீட்டுல வேற ஆடிட் ஆரம்பிச்சிடுச்சு. எதிர்க்கட்சித் தலைவர் பத்தொன்பது வயசு, இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், நம்ம வீட்டு இளவரசர். தங்கமணி வழக்கம்போல நடுநிலை, அதாவது அவன் பக்கம். பிரச்சினை என்னன்னா, டயர். சிரிக்காதீங்க. ஒரு வாரமா வீட்டுல யாரும் யார்கிட்டயும் ஒழுங்காப் பேசலை.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கப்பா விருதுநகர்ல 1986ல ஒரு டாக்டர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கின பிரீமியர் பத்மினி, 1979 மாடல். நான் கியர் போடப் பழகினது அதுலதான். அப்பா போனதுக்கப்புறம் விக்க மனசு வரலை. என்.ஓ.சி. வாங்கி, புனேக்குக் கொண்டுவந்து, மகாராஷ்டிரா நம்பர் போட்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் எஃப்.சி. காட்டி வச்சிருக்கேன். சனிக்கிழமை எங்கம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது அந்த வண்டியிலதான்.

அதைத்தான் பையன் 'ஹாட் ராட்' ஆக்கணுமாம். மட்கார்டை வெட்டணும், கறுப்பு பெயிண்ட் அடிக்கணும், முன்னாடி ஒல்லி டயர், பின்னாடி குண்டு டயர். அந்தக் குண்டு டயர் அமெரிக்காவுல இருந்து வரணும். பழைய ஸ்டைல் ஸ்லிக். அதாவது பட்டனே இல்லாத, வழுவழுன்னு இருக்கிற டயர். நம்ம ஊர்ல அதுக்குப் பேரு மொட்டை டயர்.

"ப்பா, அது லுக்குக்காகப்பா" என்கிறான்.

லுக்குக்காக என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

படம் பார்த்து ஆசைப்படுற பசங்களுக்கு இந்த ஸ்லிக் எங்க, எதுக்குப் பிறந்துச்சுன்னு தெரியுறதில்லை. அதனால அதை முதல்ல சொல்லிடறேன். அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி 1932ல V8 இன்ஜினை சாதாரண ஆள் வாங்குற விலைக்குக் கொண்டுவந்துச்சு. பழசானப்புறம் அந்த வண்டிகளை இளவட்டங்க மலிவா வாங்கி, தேவையில்லாத தகரத்தை எல்லாம் கழட்டி எடை குறைச்சு, இன்ஜினைக் கிண்டி, கலிஃபோர்னியாவுல மியூராக், எல் மிராஜ் மாதிரி காய்ஞ்ச ஏரிப் படுகைகள்ல ஓட்டிப் பார்த்தாங்க. போர் முடிஞ்சு வந்த பசங்களால இது இன்னும் பெருகுச்சு. 1950ல சான்டா ஆனாவுல விமான ஓடுதளத்துல டிராக் ரேஸ் ஆரம்பிச்சாங்க. 1951ல வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவுல சங்கமே ஆரம்பிச்சு, தெருவுல பந்தயம் விட்டவங்களை டிராக்குக்குக் கூட்டிட்டுப் போனார்.

டிராக் ரேஸ்னா கால் மைல், 402 மீட்டர், நேர்க்கோடு. வளைவு கிடையாது. நின்ன இடத்துல இருந்து யார் முதல்ல போறாங்க என்கிறதுதான் போட்டி. பெரிய V8 இன்ஜின் ஆக்சிலேட்டரை மிதிச்சதும் பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். அதைத் தடுக்க, பள்ளமே இல்லாம முழு ரப்பரும் தரையில படுற மாதிரி டயர் வேணும். கடையில கிடைக்காததால பழைய டயர் கூட்டுக்கு மேல வழுவழு ரப்பரை ஒட்டி ரீட்ரெட் பண்ணிக்கிட்டாங்க. ஆமாங்க, நம்ம நாமக்கல்ல லாரி டயருக்குப் பண்றாங்களே, அதே ரீட்ரெட். நாமக்கல்ல பட்டன் வச்சு ஒட்டுவாங்க, அவங்க பட்டன் இல்லாம ஒட்டினாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். ஓரத்துல சோமாசியை மடிச்சு விட்ட மாதிரி ஒரு நெளிவு இருக்கும். இன்னைக்கு அந்த நெளிவு இருந்தாத்தான் 'அசல் பழைய ஸ்டைல்'னு தனி விலை!

பந்தயத்துக்கும் போகணும், அதே வண்டியில ரோட்டுலயும் போகணும்னு நினைச்சவங்களுக்காக, பேருக்கு ரெண்டு மூணு கோடு கிழிச்சு ஒரு ஸ்லிக் வந்துச்சு. கேட்டா 'இதோ பட்டன் இருக்கே'ன்னு காட்டலாம். அதுக்கு அவங்களே வச்ச பேரு 'சீட்டர் ஸ்லிக்'. ஏமாத்து டயர்! என் பையன் கேட்கிறது இதைத்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். நான் பி.காம்., எனக்குத் தெரிஞ்சது அதுதானே.

எங்க பத்மினி இன்ஜின் 1089 சி.சி., சக்தி நாற்பது குதிரையை ஒட்டித்தான் வரும். ஏ.சி. கூட இல்லாத வண்டி. மேட்டுல ரெண்டாவது கியர் கேட்கும். இதுல பின்சக்கரம் நின்ன இடத்துல சுத்திடுமோன்னு பயந்து ஸ்லிக் போடறது, சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஆயிரம் ரூபாய் வச்சிருக்கிறவர் ரெண்டு பெரிய லாக்கர் கேட்கிற மாதிரி.

இனி அவன் (அவனோட வாட்சப் குரூப்பும்) எடுத்து வச்ச வாதங்களை ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

வாதம் 1: ஃபார்முலா ஒன்லயே ஸ்லிக்தானே போடறாங்க?

போடறாங்க. தூறல் விழுந்ததும் என்ன பண்றாங்க? உள்ள வந்து, சில விநாடியில நாலு டயரையும் கழட்டி, பள்ளம் வச்ச டயர் மாட்டிக்கிட்டுப் போறாங்க. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011ல ஓட்டினப்பவும் அதே கதைதான். உலகத்துலயே கை தேர்ந்த டிரைவரே ஈரத்துல ஸ்லிக்கை நம்பலை. டிராக் ரேஸ்ல அதுவும் கிடையாது, மழை வந்தா பந்தயத்தையே நிறுத்திடுவாங்க. கண்டாலா மலைப்பாதையில நடுவுல டயர் மாத்த யாரு நிக்கப் போறா?

வாதம் 2: மழையில வண்டியை எடுக்க மாட்டேன்.

புனேயில ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்குமா? சரி, எடுக்க மாட்டேன்னே வச்சுக்குவோம். காலையில வெயில் பார்த்துக் கிளம்பி, சாயங்காலம் லோனாவாலாவுல மழை பிடிச்சா என்ன பண்ணுவே? அது மட்டுமில்லை. காய்ஞ்ச ரோட்டுலகூட அந்த ரப்பருக்குச் சூடும் சுத்தமும் வேணும். அதுக்காகத்தான் பந்தயத்துக்கு முன்னாடி சக்கரத்தைச் சுத்தவிட்டுப் புகை கிளப்பறாங்க. அது பந்தா இல்லை, ரப்பரைச் சூடேத்தற வேலை. நம்ம ரோட்டு ஓரத்து மணலும், லாரி சிந்தின டீசலும் எந்தப் பந்தய டிராக்குல இருக்கு?

தண்ணி கணக்கையும் சொல்லிடறேன். டயர்ல பள்ளம் எதுக்குன்னா, அடியில மாட்டுற தண்ணியை வெளியே தள்ள. தள்ள முடியலைன்னா டயர் தண்ணி மேலயே மிதக்கும். ஸ்டீயரிங் திரும்பும், வண்டி திரும்பாது. எந்த வேகத்துல மிதக்கும்னு 1963லயே நாசா ஆராய்ச்சியாளர்கள் விமான டயருக்காகக் கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம அலகுல சொன்னா, டயர் காற்றழுத்தத்தோட வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.65ஆல பெருக்கணும். 25 பவுண்டு காத்துன்னா வர்க்கமூலம் 5, மணிக்கு 83 கிலோமீட்டர். பிடிப்புக்காகவும் குண்டா தெரியணும்னும் 16 பவுண்டுக்கு இறக்கினா 4, மணிக்கு 67. ரோட்டுல தண்ணி நின்னு, அதைத் தள்ளப் பள்ளம் இல்லாத டயருக்கான கணக்கு இது. 67 கிலோமீட்டர் வேகம் என்ன பெரிய வேகமா? எக்ஸ்பிரஸ்வேயில எங்க பத்மினியே அதைத் தாண்டும்.

வாதம் 3: அமெரிக்காவுல ரோட்டுல ஓட்ட அனுமதி இருக்கே?

அங்க இருக்கிற அனுமதியைக் கட்டி நாம இங்க என்ன பண்றது? நம்ம மத்திய மோட்டார் வாகன விதி 94 கார் டயருக்குக் குறைஞ்சது 1.6 மி.மீ. பள்ளம் கேட்குது. டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேணும்னு 2009லயே உத்தரவு வந்தாச்சு. மட்கார்டு வெட்டறதைப் பத்திக் கேட்டா, ஆர்.சி.யில இருக்கிற அசல் விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தச் சட்டத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கிட்ட சொல்லாம மாத்தி, அப்புறம் கிளெய்ம்னு போய் நின்னா அவர் முதல்ல கேட்கிற கேள்வியே டயரைப் பத்தித்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கு. 2021ல வந்த விதிப்படி, பதிவாகி அம்பது வருஷம் தாண்டின, சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெருசா மாத்தாத வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவு கிடைக்கும். எங்க வண்டிக்கு 2029ல அம்பது. இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்தா அசல் வின்டேஜ் ஆகப்போற வண்டியை, வின்டேஜ் 'மாதிரி' தெரியணும்னு இப்பவே வெட்டறதை என்னன்னு சொல்ல?

வாதம் 4: இது ஒரு கலாச்சாரம்ப்பா. உனக்குப் புரியாது.

இங்கதான் எனக்குக் கோபமே வருது. அந்தக் கலாச்சாரத்தோட உயிர் என்ன? கையில இருக்கிறதை வச்சு, ஓடப்போற தரைக்கு எது சரியோ அதைப் பொருத்தறது. 402 மீட்டர் காய்ஞ்ச நேர் ரோடு, அதனால ஸ்லிக். அதே ஆளுங்க கண்டாலாவுல பிறந்திருந்தா ஆழமா பள்ளம் வெட்டின டயரைத்தான் தேடியிருப்பாங்க. அவங்க மூளையை விட்டுட்டு அவங்க டயரை மட்டும் காப்பியடிக்கிறது கலாச்சாரம் இல்லை, மாறுவேஷப் போட்டி.

இவ்வளவு பேசுற நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. நானே ஸ்லிக்ல ஓட்டியிருக்கேன், அதுவும் செலவே இல்லாம. 2011 ஜூலை. அப்ப ஒரு பழைய மாருதி 800. டயர் தேஞ்சு போச்சுன்னு தெரியும். அரியர்ஸ் வரட்டும், தீபாவளி கழியட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். மும்பையில ஒரு கல்யாணம் முடிஞ்சு திரும்பறப்ப கண்டாலா வளைவுல மழை. பிரேக்கைத் தொட்டேன். வண்டி சத்தமே இல்லாம அரைவட்டம் அடிச்சு, வந்த திசையைப் பார்த்து நின்னுச்சு. பின்சீட்டுல தங்கமணி, அவ மடியில தூங்கிட்டிருந்த பையன். எதிர்ல வந்த லாரி எப்படியோ நின்னுச்சு. டி.என். 28, நாமக்கல் வண்டி. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டலை. குனிஞ்சு டயரைக் கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "என்ன சார், மொட்டையா இருக்கு. புள்ளைய வச்சுக்கிட்டு..." அவ்வளவுதான் சொன்னார். அதுக்கப்புறம் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நாலு டயரும் சேர்ந்து தரையைத் தொடுற இடம் நாலு உள்ளங்கை அளவுதான். ஒரு குடும்பமே அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஊருக்குப் போய்ட்டு வருது. வெளியூர்ல இருக்கிற நாம தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறோம். கிளம்பறதுக்கு முன்னாடி முறுக்கு எத்தனை எண்ணிப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோமா?

அப்ப என்னதான் போடறதுன்னு கேட்கிறவங்களுக்கு. பழைய தோற்றம் வேணும்னா தப்பே இல்லை. பத்மினிக்கு அசலா வந்தது 5.20-14 கிராஸ் பிளை, நீள வாக்குல பள்ளம் ஓடுற டயர். அதுதான் இந்த வண்டிக்கு உண்மையான பழைய ஸ்டைல். ரேடியல் வேணும்னா நாலும் ரேடியலா போடுங்க, ரெண்டையும் கலக்காதீங்க. 1958ல டென்னசியில ஆரம்பிச்ச கோக்கர் மாதிரி கம்பெனிகள் உள்ளே ரேடியல், வெளியே பழைய தோற்றம்னே டயர் செய்றாங்க. அதைத்தான் காப்பியடிக்கணும். ரிம் அகலத்துக்கும், ஆள் ஏறி வண்டி அமுங்கினப்புறம் மட்கார்டுக்குள்ள மிஞ்சற இடத்துக்கும் பொருந்துதான்னு அளந்து வாங்குங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. தோற்றம் பழசா இருக்கலாம், ரப்பர் பழசா இருக்கக் கூடாது. பந்தா வேணுமா, வெள்ளைப் பட்டை, வீல் கேப்னு எவ்வளவோ இருக்கு. நிஜமாவே ஸ்லிக்தான் வேணும்னா இருங்காட்டுக்கோட்டை இருக்கு, கோவையில கரி டிராக் இருக்கு. தனி ரிம்ல மாட்டி எடுத்துட்டுப் போய் ஓட்டட்டும். நானே டிக்கெட் வாங்கி வந்து கை தட்டறேன்.

நேத்து ராத்திரி பையனைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். சட்டம், அபராதம், நாசா எதுக்கும் அவன் அசையலை. கடைசியா 2011 கதையைச் சொன்னேன். அவனுக்கு ஞாபகம் இல்லை, தூங்கிட்டிருந்தானே. "சனிக்கிழமை அந்தப் பின்சக்கரத்துக்கு மேல உட்கார்ந்து போறது உங்கப்பத்தாடா" என்றேன். எழுந்து போயிட்டான். காலையில மேஜை மேல ஒரு தாள். மூணு கம்பெனி கிராஸ் பிளை டயர், விலை, பள்ள ஆழம்னு பத்தி பிரிச்சு எழுதி வச்சிருந்தான். கீழே சின்னதா, 'வெள்ளைப் பட்டை கண்டிப்பா வேணும்'.

சாங்ஷன் பண்ணிட்டேன் :-)

டிஸ்கி: படிச்சு முடிச்சதும் கீழே இறங்கிப் போய் உங்க வண்டி டயரைப் பாருங்க. பக்கவாட்டுல 'டி.டபிள்யூ.ஐ.' எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதுக்கு நேரே பள்ளத்துக்குள்ள ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாத் தேஞ்சிருந்தா, நீங்களும் இப்ப ஸ்லிக்லதான் ஓட்டறீங்க. மாத்திட்டு வந்து பின்னூட்டத்துல திட்டுங்க.