கெடு குடிமகனுக்கு மட்டுந்தானா?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது என்று 2025-ஆம் ஆண்டில் ஒருவர் கேட்டிருந்தால், எந்த மாதத்தில் கேட்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்க முடியும். ஏப்ரலில் கேட்டிருந்தால், ஜூலை 31. மே மாதக் கடைசியில் கேட்டிருந்தால், செப்டம்பர் 15. செப்டம்பர் 15 நள்ளிரவை ஒட்டிக் கேட்டிருந்தால், செப்டம்பர் 16! அந்த ஒரு நாளிலும், இரவு பன்னிரண்டு மணி முதல் இரண்டரை மணி வரை இணையதளம் பராமரிப்பில் இருக்கும் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக் கொடுத்தார்கள். அதிலும் இரண்டரை மணியைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். வரி இலாகா அல்லவா, பிடித்தம் செய்யாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை போலும்!

இதற்குக் கால நீட்டிப்பு என்று பெயர். கேட்டு வாங்கியவர்களும் சலுகை கிடைத்ததாக எண்ணி நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லுமுன், தாமதித்தவர் யார் என்பதைச் சற்றே நின்று பார்த்திருக்க வேண்டாமா?

2024 பொதுத் தேர்தல் நடந்த ஆண்டு. பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட். முழு பட்ஜெட்டை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஜூலை 23 அன்றுதான் மக்களவையில் வைத்தார். நிதியாண்டு பிறந்து நான்காவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முதலே மூலதன ஆதாயத்தின் மீதான வரி மாறியது. பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 15 சதவிகிதமாக இருந்த வரி 20 ஆயிற்று. நீண்ட காலம் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 10 சதவிகிதம் 12.5 ஆயிற்று. நிலம், வீடு விற்றவருக்கு, விலைவாசி உயர்வைக் கணக்கிட்டுக் கழித்துக்கொண்டு 20 சதவிகிதம் என்றிருந்த முறை போய், கழிவே இல்லாமல் 12.5 சதவிகிதம் என்று வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. உடனே ஆகஸ்டில் ஒரு திருத்தம்: ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலமோ வீடோ என்றால், தனி நபர்கள் இரண்டு வகையிலும் கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆக, ஒரே நிதியாண்டு, உள்ளே இரண்டு சட்டம். ஜூலை 22-இல் விற்றவருக்கு ஒரு வரி, மறுநாள் விற்றவருக்கு வேறு வரி.

ஆண்டின் நடுவே சட்டத்தை மாற்றியதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. அடுத்த ஏப்ரல் முதல் வரி கூடும் என்று முன்கூட்டியே அறிவித்தால், பங்குச் சந்தையில் புரளும் பெரும்புள்ளிகள் அதற்குள் விற்று முடித்துத் தப்பித்துக்கொள்வார்கள் என்பது மறுதரப்பின் வாதம். அதில் பொருள் இருக்கிறது. வரியைக் கூட்டவும் குறைக்கவும் பாராளுமன்றத்துக்கு உரிமை உண்டு. நாம் கேட்பது வேறொன்று: சட்டத்தை ஒரே நாளில் மாற்றத் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சட்டத்துக்கேற்ற படிவத்தை மாற்ற எத்தனை நாள் பிடித்தது?

கணக்குப் பார்ப்போம். நிதி மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2024 ஆகஸ்டு 16-இல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுக்கான முதல் படிவத்தை, 2023 டிசம்பரிலேயே வெளியிட்ட இலாகா இது. இந்த முறை முதல் படிவம் வந்தது 2025 ஏப்ரல் 29-இல். மூலதன ஆதாயம் உள்ளவர்களுக்கான இரண்டாம் எண் படிவம் வந்தது மே 3-இல். படிவம் வந்துவிட்டதே, போதாதா என்று கேட்கலாம். போதாது! அரசிதழில் அச்சான படிவத்தைக் கையால் நிரப்பிக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. மிக முதிய சிலரைத் தவிர, எல்லோரும் கணிப்பொறி வழியாகத்தான் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கான மென்பொருளை இலாகா வெளியிட்டால்தான் படிவத்துக்கு உயிர். அந்த மென்பொருள், இரண்டாம் எண், மூன்றாம் எண் படிவங்களுக்கு, வெளியானது 2025 ஜூலை 11 அன்று. சட்டம் கையெழுத்தாகி ஏறக்குறைய பதினொரு மாதங்கள் கழித்து!

இனி அந்தச் சலுகையின் நிறத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஜூலை 31 வரை எண்ணினால் 122 நாட்கள். கணக்கைச் சரிபார்த்துத் தாக்கல் செய்யக் குடிமகனுக்குச் சட்டம் கொடுத்திருந்த காலம் அது. ஜூலை 11 முதல், நீட்டித்த கெடுவாகிய செப்டம்பர் 15 வரை எண்ணிப் பாருங்கள். 67 நாட்கள்! வாரி வழங்கியதாகச் சொல்லப்படும் நீட்டிப்புக்குப் பிறகும் 55 நாட்கள் குறைவு. எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றியையும் பெற்றுக்கொள்வது, சாமர்த்தியமான வட்டிக்கடைக்காரருக்கும் எளிதில் கைகூடாத கலை.

அந்தச் செப்டம்பர் 15-லும் ஒரு வேடிக்கை உண்டு. முன்கூட்டி வரியின் இரண்டாம் தவணையைக் கட்டவும் ஆண்டுதோறும் அதே நாள்தான் கெடு. இரண்டு கூட்டத்தையும் ஒரே வாசலில், ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தளம் திணறுகிறது என்ற கூக்குரல் எழுந்தது. 7.3 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் வந்து சேர்ந்துவிட்டன என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் பெருமையுடன் அறிவித்தது. வந்து சேர்ந்தது உண்மை. எத்தனை ஆடிட்டர் அலுவலகங்களில் விடிய விடிய விளக்கெரிந்தது, எத்தனை குமாஸ்தாக்கள் வீடு திரும்பாமல் திரைமுன் காத்துக் கிடந்தார்கள் என்பது அந்தப் பெருமைக் கணக்கில் ஏறவில்லை.

பாதிக்கப்பட்டவர் கோடீசுவரர் அல்லர். அவருக்குச் சம்பளத்துக்கு ஆடிட்டர் உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் ஐம்பது வயதுக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்காக, சிறுகச் சிறுகப் பரஸ்பர நிதியில் போட்டு வைத்ததை 2024 ஆகஸ்டில் விற்கிறார். நீண்ட கால லாபம் மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1.25 லட்சம் விலக்குப் போக மீதி 1.75 லட்சத்துக்கு 12.5 சதவிகிதம், 21,875 ரூபாய் வரி, அதன்மேல் கூடுதல் தீர்வை. சம்பளத்தில் பிடித்தம் ஆகிவிட்டது, இதற்கு ஆகவில்லை. இந்த நிலுவைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் ஒரு சதவிகித வட்டி ஏறத் தொடங்கியது. கெடுவைத் தள்ளிவைத்த அறிவிப்பு இந்த வட்டியைத் தள்ளிவைக்கவில்லை! உத்தேசமாகக் கணக்கிட்டு முன்னதாகக் கட்டியிருக்கலாமே என்பார்கள். கட்டியிருக்கலாம். ஆனால் புதுச் சட்டத்தை மென்பொருளில் ஏற்ற இலாகாவுக்கே பதினொரு மாதங்கள் பிடித்திருக்க, அவர் மட்டும் அதைத் தன் கைக்கணக்கில் பிசகில்லாமல் போட்டுவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

அவரே கெடுவைத் தவறவிட்டிருந்தால்? வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். பாக்கி வரிக்குத் தாமத வட்டி தனியாக. வீட்டுக்கடன், காப்புறுதி என்று கழிவுகள் உள்ள பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சம்பளக்காரருக்கு அந்த ஆண்டுக்குப் போயிற்று. பங்கில் நட்டப்பட்டிருந்தால், அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கும் உரிமையும் போயிற்று. இத்தனையும் ஒரு நாள் பிந்தியதற்கு.

சரி, பணம் திரும்ப வரவேண்டியவராக இருந்தால்? சர்க்கார் கொடுக்கும் வட்டி மாதம் அரை சதவிகிதம். திரும்ப வரவேண்டிய தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் அதுவும் கிடையாது. கிடைக்கும் வட்டியும் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும்! வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது அரை. ஒரே தராசில் இரண்டு எடைக்கல் வைத்த வணிகனைச் சந்தையில் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததே.

சட்டம் மாறி மென்பொருள் மாறாதது ஒரு கதை என்றால், சட்டம் மாறாமலே மென்பொருள் மாறிய கதையும் உண்டு. புதிய வரிமுறையில் 7 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87-ஏ பிரிவின்படி வரித் தள்ளுபடி இருந்தது. 2024 ஜூலை 5-இல் மென்பொருளைத் திருத்தினார்கள். அன்று முதல், பங்கு லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடியைக் கேட்கவே முடியாதபடி செய்துவிட்டது அது. ஜூலை 4-இல் தாக்கல் செய்தவர் கேட்க முடிந்தது. 6-இல் செய்தவருக்கு வழி அடைபட்டது. பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு. தாமதக் கணக்குகளுக்கான கெடு 2025 ஜனவரி 15 வரை தள்ளிப்போனது. உரிமை உண்டா இல்லையா என்பதைச் சட்டப்படி முடிவு செய்யுங்கள், கேட்கும் வாயையே மென்பொருளால் அடைக்காதீர்கள் என்பதே ஜனவரி இறுதியில் வந்த தீர்ப்பின் சாரம். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. அதை நினைவூட்ட நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2010 டிசம்பர் 17-இல் வரிச் சட்டம் கையெழுத்தாக, வகுப்பறைச் செலவுக்குக் கழிவு கேட்கும் பள்ளி ஆசிரியர்கள் உள்படப் பலரின் கணக்குகளை 2011 பிப்ரவரி 14 வரை பரிசீலிக்க முடியாது என்று அங்குள்ள வரி இலாகா கைவிரித்தது. 2013 ஜனவரி 2-இல் மற்றொரு சட்டம்; கணக்குகளை ஏற்கும் நாள் ஜனவரி 30-க்குப் போயிற்று. அங்கே சட்டமன்றம் இழுத்தடித்தது, இலாகா சில வாரங்களில் சமாளித்தது. இங்கே சட்டம் உரிய காலத்தில் முடிந்தும் இலாகா இழுத்தடித்தது.

2025-இல் தணிக்கைக்கு உட்பட்ட வணிகர்களின் கதையும் இப்படியே. தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 என்றார்கள். உயர்நீதிமன்றங்கள் தலையிட்டபின் அக்டோபர் 31. பிறகு நவம்பர் 10. அவர்கள் கணக்குத் தாக்கலுக்கு டிசம்பர் 10.

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. படிவமும் மென்பொருளும் ஏப்ரல் முதல் நாளில் தயாராக இல்லையென்றால், எத்தனை நாள் பிந்துகிறதோ அத்தனை நாள் கெடுவும் தானே தள்ளிப்போகட்டும். அந்த நாட்களுக்கு வட்டி ஓடாது என்றும் சட்டத்திலேயே ஒரு வரி சேரட்டும். வாரியத்தின் நள்ளிரவுக் கருணைக்காக யாரும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டு 21-இல் ஒப்புதல் பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று குறிக்கப்பட்டது. பிரிவு எண்கள் எல்லாம் புதிது. படிவங்களும் புதிதாக வேண்டும். அச்சட்டத்தின் கீழ் முதல் ஆண்டுக் கணக்குகள் 2027-இல் தாக்கலாக வேண்டியவை. அவற்றுக்கான மென்பொருள் 2027 ஏப்ரல் 1 காலையில் இருக்குமா என்று நம் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இப்போதே கேட்கட்டும். தேதியோடு பதில் வாங்கட்டும்.