எல்லையின் இருபுறமும் ஒரே சட்டம்: தகுதியை இறுக்கினால் வெளியேறுவது யார்?

புது தில்லி: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்தது. கடைசியாக இணைந்தவை தமிழகமும் கேரளமும். இரண்டும் அம்மாதம் 1-ம் தேதி முதல் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. 1956-ல் இவ்விரு மாநிலங்களுக்கும் இன்றைய எல்லை வகுக்கப்பட்டதும் ஒரு நவம்பர் 1-ம் தேதிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த எல்லைக்கு அருகே, திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது பெருங்கடவிளை. தமிழகத்துடன் சேர்க்கப்பட வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நீடித்தது. பக்கத்து விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்கு வந்தது. பெருங்கடவிளை, பாறசாலைப் பகுதிகளிலும், களியக்காவிளைக்கு இப்பால் உள்ள ஊர்களிலும் ரப்பர் தோட்டங்கள் ஒன்றே, கூலி வேலை ஒன்றே, உறவுமுறைகளும் ஒன்றே. ஆனால் நியாய விலைக் கடையில் கிடைக்கும் அரிசி மட்டும் ஒன்றல்ல. தில்லியில் இயற்றப்பட்ட ஒரே சட்டம், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரு வேறு பொருள் கொண்டது எப்படி?

தில்லி வகுத்த உச்சவரம்பு: 2013 ஆகஸ்ட் 26-ல் மக்களவையிலும், செப்டம்பர் 2-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறிய இச்சட்டம், கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் மக்கள் வரை பயன்பெறலாம் என்கிறது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ; அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. ஆயினும் எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது மத்திய அரசு. அந்த எண்ணிக்கைக்குள் யார் யார் என்பதை முடிவு செய்வதே மாநில அரசின் பொறுப்பு.

இதன்படி கேரளத்தின் கிராமப்புறத்தில் 52.63 சதவீதம், நகர்ப்புறத்தில் 39.50 சதவீதம் என வரையறுக்கப்பட்டது. மொத்தம் 1 கோடியே 54 லட்சத்து 80 ஆயிரம் பேர். தமிழகத்துக்கு முறையே 62.55, 37.79 சதவீதம், மொத்தம் 3 கோடியே 64 லட்சத்து 70 ஆயிரம் பேர். இரு மாநிலங்களிலும் ஏறத்தாழ பாதி மக்கள் வரம்புக்கு வெளியே நின்றனர்.

அட்டையின் நிறம்: 1960-களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் வழங்கி, நாட்டுக்கே முன்மாதிரியாகக் கருதப்பட்ட மாநிலம் கேரளம். 1997 ஜூனில், வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என மக்களைப் பிரிக்கும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது அந்தக் கட்டமைப்பு முதல் அடியை வாங்கியது. இரண்டாவது அடி 2016-ல் விழுந்தது. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டன்னாக இருந்த தானிய ஒதுக்கீடு 14.25 லட்சம் டன்னாகக் குறைந்தது.

அரசு, பொதுத்துறை ஊழியர்கள், வருமான வரி செலுத்துவோர், மாதம் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளோர், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர், ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு உள்ளோர், சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர் ஆகியோர் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற முடியாது. எஞ்சியோர் தரவரிசைப்படுத்தப்பட்டனர். அட்டைகள் நான்கு நிறங்களாயின. மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைகள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. நீல அட்டைக்கு மாநில அரசின் மானியத்தில் ஒருவருக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய். வெள்ளை அட்டைக்கு 10 ரூபாய் 90 காசு. அளவு இருப்பைப் பொறுத்தது.

விதிகள் காகிதத்தில் நியாயமாகவே தோன்றும். ரப்பர் விலை வீழ்ந்த ஆண்டில் ஒன்றேகால் ஏக்கர் தோட்டத்தின் வருமானம் என்ன? வளைகுடாவிலிருந்து திரும்பி வேலையின்றி இருப்பவர், முன்பு கடன் வாங்கிக் கட்டிய 1,100 சதுர அடி வீட்டைத் தின்ன முடியுமா? நிலமும் சுவரும் அப்படியே நிற்க, வருமானம் மட்டும் போய்விடும் குடும்பத்தை இந்த அளவுகோல் காண்பதில்லை.

தகுதியற்றோர் வைத்திருக்கும் அட்டைகளை மீட்க 2022-ல் கேரள அரசு "ஆபரேஷன் எல்லோ" என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால், ஒருவர் விலகினால்தான் மற்றொருவர் நுழைய முடியும். ஆனால், ஏழைகள் இடத்துக்காக ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் நிலையை உருவாக்கியதும் அதே உச்சவரம்புதான்.

தமிழகம் கொடுத்த விலை: அனைவருக்கும் ரேஷன் என்ற கொள்கையைத் தமிழகம் 1997-லும் கைவிடவில்லை, 2016-லும் கைவிடவில்லை. இச்சட்டத்தை ஜெயலலிதா தொடர்ந்து எதிர்த்து வந்தார். சட்டத்தில் சேராவிட்டால் கூடுதல் அரிசிக்குக் கிலோ 8 ரூபாய் 30 காசுக்குப் பதிலாக 22 ரூபாய் 54 காசு தர வேண்டியிருக்கும் என்று மத்திய அரசு அறிவித்த பிறகே தமிழகம் இணங்கியது. 36.78 லட்சம் டன் ஒதுக்கீட்டைத் தக்கவைத்துக்கொண்டு, வரம்புக்கு வெளியே உள்ளோருக்கான செலவை மாநிலமே ஏற்றது. 2017 ஜூலையில் மாநில அரசிதழில் தகுதி நீக்க விதிகள் வெளியானபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அனைவருக்குமான பொது விநியோகம் தொடரும் என்று அன்றைய உணவு அமைச்சர் காமராஜ் உடனடியாக விளக்கம் அளிக்க நேர்ந்தது. ஆக, விதிகள் தமிழகத்திலும் ஏட்டில் உள்ளன. அவை உறங்குவது அரசியல் உறுதியால் மட்டுமே.

மருத்துவத்திலும் அதே கோடு: 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2011-ம் ஆண்டு சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்தில் 2019 முதல் அது "காருண்ய ஆரோக்ய சுரக்ஷா" திட்டமாக, சுமார் 42 லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. அவற்றில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களுக்கே மத்திய அரசின் பங்கு கிடைக்கிறது. தமிழகத்தின் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் வருமான வரம்பு உண்டு. 72 ஆயிரமாக இருந்த அது 2022-ல் 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. 70 வயது கடந்தோர் அனைவருக்கும் வருமானம் பாராமல் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசே கோட்டை அழித்தது. முதியோருக்குப் பொருந்தும் நியாயம், 45 வயதில் சிறுநீரகம் பழுதான கூலித் தொழிலாளிக்குப் பொருந்தாதா?

வெளியேறியவர்கள் யார்?: தகுதியை இறுக்கினால் போலிகள் ஒழிவர் என்பதே எங்கும் சொல்லப்படும் வாதம். ஜார்கண்டில் 10 மாவட்டங்களில் 2016 - 2018 காலத்தில் நீக்கப்பட்ட சுமார் 1.44 லட்சம் அட்டைகளைக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் ஏறத்தாழ 88 சதவீதம் உண்மையான குடும்பங்களுடையவை எனக் கண்டனர். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலம் 2018-ல் ஏழைகளுக்கான மருத்துவ உதவிக்கு மாதம் 80 மணி நேர வேலையை நிபந்தனையாக்கியது. சில மாதங்களில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உதவியை இழந்தனர். அவர்களில் பலர் வேலை செய்துகொண்டிருந்தவர்களே. உரிய முறையில் பதிவு செய்யத் தவறியதே அவர்கள் குற்றம். நீதிமன்றம் 2019-ல் அதைத் தடுத்தது. ஆனால் 2025 ஜூலையில் அதே நிபந்தனை அமெரிக்காவின் தேசியச் சட்டமாகிவிட்டது. நிரூபிக்கும் சுமையைப் பயனாளி மீது ஏற்றினால், முதலில் விழுவது போலி அல்ல. ஆவணம் திரட்ட ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவரே.

அடுத்த கணக்கு: இப்போதைய எண்ணிக்கைகள் அனைத்தும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியானவை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாள் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் மாநிலங்களின் பங்கு மாற்றி அமைக்கப்படலாம். நீதி ஆயோக்கின் 2023-ம் ஆண்டு பல்பரிமாண வறுமை அறிக்கை, 2019-21 காலத்தில் கேரளத்தின் ஏழைகள் 0.55 சதவீதம், தமிழகத்தில் 2.20 சதவீதம் என்கிறது. 2025 நவம்பர் 1-ல் கேரளம் தன்னை அதிதீவிர வறுமையற்ற மாநிலம் என அறிவித்துக்கொண்டது. அடையாளம் காணப்பட்டவை 64,006 குடும்பங்கள். அந்த்யோதயா அட்டைகளோ ஏறத்தாழ 6 லட்சம். இந்த முரண்பாட்டைப் பொருளியல் அறிஞர்கள் சிலர் அப்போதே சுட்டிக்காட்டினர். பெருமைக்காக வெளியிட்ட புள்ளிவிவரம், நாளை ஒதுக்கீட்டை வெட்டும் கத்தரியாக மாறக்கூடும்.

தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்களின் இடங்கள் குறையும் என்ற கவலை நாடாளுமன்றத்தில் உரக்க ஒலிக்கிறது. அரிசியிலும் அதே கணக்கு காத்திருக்கிறது. அது பற்றிய குரல் அவ்வளவு உரக்க எழவில்லை. வறுமையைக் குறைத்த மாநிலத்தின் ஒதுக்கீடு குறைக்கப்படாது என்ற உத்தரவாதத்தைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். அட்டையை நீக்கும் முன் நேரில் விசாரித்து, தகுதியின்மையை நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரிகளுடையதாக இருக்க வேண்டும். இவ்விரு கோரிக்கைகளிலும் தமிழக, கேரள உறுப்பினர்கள் கட்சி கடந்து ஒன்றுசேர முடியும். தவறினால், பெருங்கடவிளையில் இன்று நடப்பது களியக்காவிளைக்கு வந்து சேர நெடுநாள் ஆகாது. அரசிதழில் உறங்கும் விதிகளை எழுப்ப ஒரு நிதி நெருக்கடி போதும்.